சட்ட ஆணையமா, வழக்குத் தரவா: நான்கு வாரப் பயிற்சியை எங்கே செலவிடுவது?

அரசு அமைப்புகளின் சீர்திருத்தத்தில் ஆய்வு செய்ய விரும்பும் சட்ட மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் தென்படுகின்றன. ஒன்று, டெல்லியில் உள்ள, சட்டச் சீர்திருத்தங்களை அரசுக்குப் பரிந்துரைக்கும் இந்தியச் சட்ட ஆணையத்தில் இன்டர்ன்ஷிப். மற்றொன்று, ‘விதி’, தக்‌ஷ் போன்ற சுயேச்சையான ஆய்வு அமைப்புகள். ஐந்தாண்டுப் படிப்பின் நான்காம் ஆண்டில் நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை. பெங்களூரில் நீதிமன்றத் தாமதத்தை ஆராயும் ஓர் அமைப்பில் சேர்ந்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆணையத்தின் பெயருக்கு உள்ள மதிப்பு, டெல்லியில் தங்கும் செலவு ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அறிக்கை நேராக அரசின் கைக்குப் போகிறது என்பது ஆணையத்தின் உண்மையான பலம், எம்.சி. சீதல்வாட் தலைமையில் 1958-இல் வெளிவந்த 14-ஆவது அறிக்கையை நீதி நிர்வாகம் பற்றி எழுதுவோர் இன்றும் புரட்டுகிறார்கள். ஆனால் அது நிரந்தர அமைப்பு அன்று; ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட காலத்துக்கு அரசு புதிதாக அமைப்பது. 21-ஆவது ஆணையத்தின் காலம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்தது 2020 பிப்ரவரியில் அமைக்கப்பட்டாலும், அதற்குத் தலைவர் நியமிக்கப்பட்டது 2022 நவம்பரில்தான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பயிற்சி முடிந்த பிறகும் அந்த ஆய்வை நாமே தொடர முடியுமா என்பது. சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரப் பயிற்சி தேவை என்றாலும், ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் செய்ய இயலாது. நான்கு வாரத்தில் எந்தச் சீர்திருத்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது. அரசு அலுவலகத்தில் பார்த்த கோப்பு அலுவலகத்திலேயே இருந்துவிடும். பிறகு அதைத் தேடினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும், அப்போதும் விலக்குப் பிரிவுகள் குறுக்கே நிற்கலாம். வழக்குத் தரவு அப்படியல்ல. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால், ஒரு முன்சீப் கோர்ட் வழக்கின் ஒவ்வொரு வாய்தாவும், அது எதற்காகப் போடப்பட்டது என்பதும் வரிசையாக வரும். வழக்கு விசாரணையின் ஒரே கட்டத்தை ஒரு நீதிமன்றம் ஒருவிதமாகவும் அடுத்தது வேறுவிதமாகவும் பதிந்திருக்கும். அவற்றை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவருவதிலேயே பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி கரைந்தது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நிர்வாகச் சிக்கல் அங்கேதான் கண்ணில் படுகிறது. நிலுவை வழக்குகள் பற்றிய ஆணையத்தின் 245-ஆவது அறிக்கையே (2014), உயர் நீதிமன்றங்கள் வழக்குகளை ஒரே முறையில் எண்ணுவதில்லை என்று குறைப்பட்டிருக்கிறது. ஊர் திரும்பிய பின் அதே முறையில் எங்கள் மாவட்டத்து வழக்குகளை எடுத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டு ஆய்வேட்டை எழுத முடிந்தது. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

நாடாளுமன்றத்தை நெருங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு, நாடாளுமன்றச் செயல்பாடுகளை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பு 2010-இல் தொடங்கிய லேம்ப் ஃபெலோஷிப் உண்டு, ஓர் எம்.பி.யுடன் ஏறக்குறைய ஓராண்டு பணியாற்ற வேண்டும் என்பதால் பட்டம் பெற்ற பிறகே சாத்தியம். நான் அதில் இருந்ததில்லை, சீனியர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள் என்பதற்கு மேல் அதை எடைபோட மாட்டேன்.

எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல், சட்ட வாசகத்தைத் திருத்தி எழுதுவதில் ஆர்வம் கொண்டவருக்கு ஆணையமே பொருத்தமாக இருக்கக்கூடும். அப்படியானால் விண்ணப்பிக்கும் முன், ஆணையத்துக்குத் தலைவர் இருக்கிறாரா, பதவிக்காலத்தில் எவ்வளவு மிச்சம், எந்தப் பொருள் பரிசீலனையில் இருக்கிறது என்ற மூன்றையும் விசாரித்துக்கொள்வது நல்லது.