ஃபிப்-4, ஏப்ரி, பேஜ்-பி: கல்லீரல் கணக்கில் எதை எங்கே நம்பலாம்?

இவை மூன்றும் ரத்தப் பரிசோதனை எண்கள் போன்ற எளிய விவரங்களை வைத்துக் கல்லீரல் நோயை மதிப்பிடும் சூத்திரங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு மருந்து தொடங்கவிருக்கும் 52 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் உயரும் நொதிகளான ஏஎஸ்டி (ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி) 60, ஏஎல்டி 64; தட்டணுக்கள் 1,50,000.

ஃபிப்-4 கணக்கு எளிது. வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, தட்டணு (ஆயிரத்தில்) × ஏஎல்டியின் வர்க்கமூலம் என்பதால் வகுக்க வேண்டும். 52×60 = 3120; 150×8 = 1200; விடை 2.6. 1.45-க்குக் கீழே என்றால் கல்லீரலில் முற்றிய தழும்பு (ஃபைப்ரோசிஸ்) அநேகமாக இல்லை, 3.25-க்கு மேலே என்றால் இருக்கலாம். இவர் நடுவில் மாட்டிக்கொண்டார். இதே ரத்தம் 70 வயதுக்காரருடையது என்றால் விடை 3.5! கல்லீரல் எண்களில் துளி மாற்றமில்லை, வயதே கோட்டைத் தாண்ட வைத்துவிட்டது.

ஏப்ரிக்கு வயது தேவையில்லை. ஏஎஸ்டியை அதன் இயல்பு உச்சவரம்பால் வகுத்து, தட்டணுவாலும் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் போதும். வரம்பு 40 என்றால் இவருக்குச் சரியாக 1.0. ஆனால் வேறொரு லேப் வரம்பை 35 என்று அச்சிட்டிருந்தால் 1.14. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஹெபடைடிஸ் பி வழிகாட்டுதலில் 1-க்கு மேல் போனால் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) என்று கணக்கு. 2015-இல் அந்தக் கோடு 2-இல் இருந்தது. லேபை மாற்றினாலே 'நோய்' மாறுகிறது என்றால், எனக்கு இது உறுத்துகிறது.

இவை இரண்டும் முதலில் இன்றைய தழும்பை அளக்கவே உருவானவை. நாளையைக் கேட்பது பேஜ்-பி. மருந்து எடுப்பவருக்கு ஐந்து ஆண்டுகளில் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது எடைபோடுகிறது. வயதுக்கு 6, ஆண் என்பதற்கு 6, தட்டணுவுக்கு 6: மொத்தம் 18, அதிக ஆபத்துப் பிரிவு. பெண்ணாக இருந்தால் 12, நடுப்பிரிவு. ஐரோப்பியர்களை வைத்து உருவானது என்பதால் மற்ற மக்களிடம் அப்படியே பொருத்த நான் தயங்குவேன். ஹெபடைடிஸ் சி-க்கு இது அல்லவே அல்ல.

வைரஸ் பெருகும் வேகத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளில் எழுதும் மாதிரிகள் வேறு ரகம். ஹெபடைடிஸ் சி வைரஸின் அரை ஆயுள் சுமார் மூன்று மணி நேரம் என்று 1998-இல் காட்டியவை அவைதாம். மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அருமை. சிரோசிஸ் வருமா என்று கேட்டால் மௌனம்.

என் தேர்வு: பயத்தைக் கழித்துக்கட்ட ஃபிப்-4. முடிவு நடுவில் நின்றால் இன்னொரு சூத்திரம் போட்டுப் பார்க்காமல் நேரே கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபி ஸ்கேன்.