பத்துமலைக்கு எடுத்துப்போக வாங்கிய 128 ஜிபி மெமரி கார்டு

போன தைப்பூசத்தில் பத்துமலைப் படிக்கட்டில் விடிய விடிய எடுத்த காவடிப் படங்களில் பாதி, வெறும் சாம்பல் கட்டங்களாகத்தான் திறந்தன. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய கார்டு போலி, உள்ளே இருந்த இடம் கொஞ்சம், வெளியே காட்டியது நிறைய. அந்த வேதனை இன்னும் போகவில்லை. இந்த முறை கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கே நேரில் போய் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ 128 ஜிபி வாங்கினேன். அட்டையில் பெரிதாக இருக்கும் 200 எம்பி, நொடிக்குப் படிக்கும் வேகம் மட்டும்தான். வீடியோ எடுப்பவர்கள் வி30 குறியைப் பாருங்கள், நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும். வீட்டுக்கு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் கார்டை முழுதாக நிரப்பிச் சோதித்தேன், ஒரு பிழைகூட இல்லை. கணினி 119 ஜிபி என்றுதான் காட்டும், சரி, அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம்தான், பயப்பட வேண்டாம். அப்புறம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.