முழங்கால் ஜவ்வு: தொடை நாரா, சில்லு நாரா?

ஈரோடு மாவட்டத்தில் கோபி, பெருந்துறைப் பக்கம் எந்தக் கபடி டீமை எடுத்தாலும், முழங்காலில் 'டப்'பென்று சத்தம் கேட்டு உட்கார்ந்த ஆள் ஒருவராவது இருப்பார். எண்ணெய்க் கட்டெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுத்தால், முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்திருக்கும். பெரும்பாலும் அறுந்ததைத் தைப்பதில்லை. நம் உடம்பிலிருந்தே ஒரு நாரை எடுத்துப் புதிதாக வைப்பார்கள்.

எனக்கு வைத்தது பின்தொடை நார், அதாவது ஹாம்ஸ்ட்ரிங். தங்கை வீட்டு மாப்பிள்ளைக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நார், இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு.

எலும்போடு எலும்பு சீக்கிரம் சேரும் என்பதால் அவருக்கு உள்ளே பிடிமானம் முந்தி வந்தது. வயசுப் பையன்களுக்கு மறுபடி அறுவதும் சில்லு நாரில் கொஞ்சம் குறைவு. ஆனால் மஞ்சள் காட்டில் களையெடுக்க முட்டி போட்டால் மனுஷன் துடித்துப்போகிறார். ஆபரேஷனுக்கு முன் இதை யாரும் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு மண்டியிடுவதில் தொல்லை இல்லை. காலை முழுசாக மடக்கி இழுக்கும் பலம்தான் குறைந்தது. ரைடில் பிடியை உதறும்போது தெரிகிறது. தழும்புக்குப் பக்கத்தில் மரத்துப்போவது இருவருக்கும் உண்டு.

கிருமித் தொற்று இரண்டிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதைவிட அதிகம் பார்ப்பது விறைப்பு: முதல் சில வாரத்தில் காலை முழுதாக நீட்டப் பழகாவிட்டால் பிறகு பெரும்பாடு. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காதீர்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊரில் எல்லோரும் கேட்பது, "அடுத்த நோம்பிக்கு ஆடிரலாமுங்களா?" நோம்பி என்றால் பண்டிகை. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 தான். ஒன்பது மாதத்துக்கு முன் இறங்கினால் மறுபடி அடிபடும் ஆபத்து கூடுதல். எந்த நார் வைத்தாலும் பின்னாளில் மூட்டுத் தேய்மானமும் வரலாம்.

இன்னும் சில வருஷம் டோர்னமெண்ட் ஆடத்தான் போகிறேன் என்பவருக்குச் சில்லு நார். தரையில் உட்கார்ந்தும் முட்டி போட்டும் பிழைக்கிறவருக்குத் தொடை நார். என் கணக்கு இது; உங்கள் டாக்டர் வேறு சொல்லலாம்.

மாப்பிள்ளைக்கு ஆறாம் மாதத்திலேயே பொங்கல் வந்துவிட்டது. "ஒரே ஒரு ரைடுங்க மச்சான்" என்று நின்றார். தங்கை ஜெர்சியைத் தவிட்டு மூட்டைக்கு அடியில் ஒளித்துவிட்டாள்.