நடு உறுப்பைப் பிரிக்கக் கற்றுத்தரும் ஒரு காணொளித் தொடர்

இருபடிச் சமன்பாடுகளைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் முறைகளை மட்டுமே எடுத்துக்கொண்ட இந்தக் கட்டணத் தொடரை முழுவதும் பார்த்து, உடன் வரும் பயிற்சித் தாள்களையும் போட்டு முடித்தபின் இதை எழுதுகிறேன்.

தொடரின் உயிர் நடு உறுப்பைப் பிரிக்கும் பாடத்தில் இருக்கிறது. கெழுக்கள் 6, 7 என்றும் மாறிலி −20 என்றும் உள்ள சமன்பாட்டில், அதாவது 6x² + 7x − 20 = 0-இல், நடு உறுப்பான 7x-ஐப் பிரிக்க, பெருக்கினால் 6 × (−20) = −120, கூட்டினால் 7 வரும் இரு எண்கள் வேண்டும். பலர் 15, −8 என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் மாணவருக்குப் புரியாத இடம். இந்த ஆசிரியரோ, 120-இன் காரணி இணைகளை 1, 120 முதல் வரிசையாக எழுதி, குறிகள் வேறுபடுவதால் வித்தியாசத்தைக் கவனித்தால் போதும் என்கிறார். அது 119, 58, 37 எனச் சரிந்து 8, 15 என்ற இணையில் 7-ஐத் தொடுகிறது. 15-ஐ முன்னால் எழுதினாலும் −8-ஐ முன்னால் எழுதினாலும் மூலங்கள், அதாவது x-இன் விடைகள், 4/3, −5/2 என்றே வருவதை இருவகையிலும் போட்டுக் காட்டுவது அருமை.

முழு வர்க்கம், வர்க்கங்களின் வித்தியாசம் பற்றிய பாடங்கள் சுருக்கமானவை, குறையில்லை.

குறை பயிற்சித் தாளில் தென்பட்டது. ஒரு கணக்கில் மாறிலி −20-க்குப் பதிலாக −21 என்று அச்சாகியிருந்தது. 126-இன் இணைகளை எழுதிக்கொண்டே போனேன். வித்தியாசம் 11-இலிருந்து 5-க்குத் தாவியது, 7 வரவே இல்லை. தன்மைகாட்டியை (ax² + bx + c = 0 எனில் b² − 4ac) கணக்கிட்டிருந்தால் ஒரே வரியில் விளங்கியிருக்கும்: முந்தைய கணக்கில் அது 529, அதாவது 23-இன் வர்க்கம், இதிலோ 553, எந்த முழு எண்ணின் வர்க்கமும் அன்று. கெழுக்கள் முழு எண்களாக இருக்கும்போது தன்மைகாட்டி முழு வர்க்கமானால் மட்டுமே இந்த முறை பலிக்கும் என்பதைத் தொடர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அச்சுப்பிழையை மன்னிக்கலாம், இதை மன்னிப்பது கடினம்.

வலப்பக்கம் பூச்சியமாக இருக்க வேண்டும் என்பதையும் போகிறபோக்கில்தான் சொல்கிறார்கள். ஓர் எண்ணிலிருந்து 2-ஐயும் 3-ஐயும் தனித்தனியே கழித்துப் பெருக்கினால் 12 என்றால், ஒவ்வொரு காரணியையும் 12-க்குச் சமப்படுத்தி 14, 15 என்று விடை எழுதுவோர் ஏராளம்; சரியான விடைகள் 6, −1. இதற்குத் தனிப் பாடமே தேவை.

தவறைச் சுட்டி எழுதியதும் தாளைத் திருத்தி அனுப்பிவிட்டார்கள்; தன்மைகாட்டி பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.