மடிப்புப் புத்தகமா, தையல் புத்தகமா?

காட்பாடிப் பக்கம் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் தாங்களே கதை எழுதிப் படம் போட இரண்டு வழியையும் பார்த்தாயிற்று.

ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால், அட்டையோடு 8 பக்கம். பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒரே பீரியடில் முடிந்துவிடும். மடித்த பிறகே எழுதவிடுங்கள். விரித்த தாளில் ஒரு வரிசை தலைகீழாக நிற்கும். பக்கம்தான் உள்ளங்கை அளவு. வேலூர்க் கோட்டையை வரைந்த பையன், "அகழிக்கு எடமே இல்ல சார்" என்று முழித்தான்.

தையலுக்கு நான்கு தாளை நடுவில் மடித்து, மடிப்பில் மூன்று துளை. நடுத்துளையில் தொடங்கி அங்கேயே முடிச்சு. 16 பக்கம், தாராளமான இடம். முள்ளுக் கத்திரிக்காயின் காம்புக்கே ஒரு பக்கம் ஒதுக்கினாள் ஒருத்தி. ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக! ஆனால் ஒரு வாரம் இழுக்கும். பத்தாம் பக்கத்தில் கதை வற்றிப்போய் பாலாறு மாதிரி கிடக்கும் புத்தகங்கள் என் அலமாரியில் நிறைய.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு மடிப்பே போதும். மூன்றாம் வகுப்பிலிருந்து தையல்தான் என் கட்சி. அதிலும் முதலில் மடிப்பில் கதையை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஊசி எடுக்கச் சொல்கிறேன்.