2,850 டாலர் காசோலையுடன் வரும் ‘மிஸ்டரி ஷாப்பர்’ வேலை: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவர்களுக்கு மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வரும் பகுதிநேர வேலை அழைப்புகளில் ஒன்றை, ஒரு சேவையை மதிப்பிடும் அதே முறையில் ஆராய்ந்து எழுதுகிறேன். கடைகளுக்கு வாடிக்கையாளர் போலச் சென்று ஊழியர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் குறித்துத் தரும் ‘மிஸ்டரி ஷாப்பர்’ வேலை அது. அழைப்பை அனுப்பியவர்கள் உண்மையில் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் பெயரைத் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஐந்து மதிப்பெண்ணுக்குச் சொல்வதென்றால் அச்சு வேலைக்கு நான்கு கொடுப்பேன், வேலைக்குச் சுழியம்தான்.

எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் முதுநிலை மாணவர் ஒருவர், வேலை தேடும் தளமொன்றில் தன் விவரங்களைப் பதிந்த பிறகு இந்த அழைப்பு வந்ததாகவும், நேர்காணல் எதுவுமின்றியே தேர்வாகிவிட்டதாகவும் கூறி, அஞ்சலில் வந்த உறையைக் கொண்டுவந்து காட்டினார். அதனுள் ஒரு பக்கக் கடிதமும், அவர் பெயருக்கு 2,850 டாலர் எழுதப்பட்ட கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பொறுப்பில் வழங்கும் காசோலை) ஒன்றும், நிரப்பித் தர வேண்டிய கேள்வித்தாளும் இருந்தன. கேள்வித்தாளில்தான் அதிக உழைப்பு தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் வரவேற்றார்களா, பில் போடும் வரிசையில் எத்தனை நிமிடம் நிற்க நேர்ந்தது, ஊழியர் பெயர்ப்பட்டை அணிந்திருந்தாரா என்று இருபது கேள்விகள். அதைப் படிக்கும் எவருக்கும் இது ஒரு வேலைதான் என்ற எண்ணம் உண்டாகிவிடும். அந்தத் தாளின் பயனும் அவ்வளவே, ஏனெனில் அதை நிரப்பி எங்கே அனுப்ப வேண்டும் என்று கடிதத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை.

கடிதம் மிகத் தெளிவாகச் சொன்னது வேறு ஒன்றை. காசோலையை உங்கள் கணக்கில் போடுங்கள். பணம் வந்ததும் 450 டாலரைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள 2,400 டாலருக்கு இரண்டு கடைகளில் தலா 400 டாலர் மதிப்புள்ள ஆறு கிஃப்ட் கார்டுகள் வாங்குங்கள். பின்புறப் பூச்சைச் சுரண்டி, எண்கள் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். கார்டுகளை அடுத்த பணிக்காக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கார்டு நம்மிடமே இருக்கப்போகிறது என்ற இந்தக் கடைசி வரி ஆளை அசத்துவதற்காக எழுதப்பட்டது. கிஃப்ட் கார்டின் மதிப்பு முழுவதும் அந்த எண்ணில் இருக்கிறது. எண் போன பிறகு கையில் எஞ்சுவது பிளாஸ்டிக். இவற்றோடு, காசோலையை ஏடிஎம்மில்தான் செலுத்த வேண்டும் என்றும், வங்கி ஊழியரிடம் வேலையைப் பற்றிப் பேசினால் சோதனையின் நம்பகத்தன்மை கெட்டுவிடும் என்றும் தடித்த எழுத்தில் எச்சரிக்கை வேறு. முகம் பார்க்காத ஒருவரை நம்பி 2,850 டாலரை அனுப்பத் துணியும் நிறுவனம், வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

காசோலையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வங்கிகள் வழங்கும் காசோலைகளில் பெரும்பாலும் ஒரு விளிம்பாவது துளைத்தடத்தில் கிழித்தெடுத்த சொரசொரப்புடன் இருக்கும்; இதில் நான்கு விளிம்புகளும் கத்தரித்தது போல வழவழப்பாக இருந்தன. அடியில் ஓடும் எம்ஐசிஆர் எண்வரிசை காந்த மையில் அச்சாக வேண்டியது, அந்த மை வெளிச்சத்தில் மின்னாது. இங்கே எண்கள் சாதாரண லேசர் அச்சைப் போலப் பளபளத்தன. கையெழுத்துக் கோட்டில் நுண்ணெழுத்து இருக்க வேண்டிய இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், நகலெடுக்கும்போது சிதைந்த வெறும் புள்ளிகளே தென்பட்டன. பணம் கட்டியவராக ஓஹியோவில் உள்ள ஒரு கட்டுமான நிறுவனம், வங்கி டெக்சாஸில், உறையின் முத்திரை ஜார்ஜியாவில், கடிதத்தின் தலைப்பில் நியூயார்க் முகவரி என்று நான்கு மாநிலங்கள் ஒரே உறைக்குள் கூடியிருந்தன.

ஆனாலும் காசோலையைப் பார்த்தே உண்மையறிந்துவிடலாம் என்று நம்பிவிடக் கூடாது. நல்ல தாளில் இதைவிடக் கச்சிதமாக அச்சிடப்பட்ட போலிகளும் இருக்கின்றன. அவற்றில் சில, வங்கி ஊழியர்களையே ஏமாற்றிவிடுகின்றன. ரவுட்டிங் எண் எனப்படும் ஒன்பது இலக்க வங்கி எண்ணைச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு: 1, 4, 7-ஆம் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 3-ஆலும், 2, 5, 8-ஆம் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 7-ஆலும் பெருக்கி, மற்ற மூன்று இலக்கங்களை அப்படியே சேர்த்தால் வரும் தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இந்தக் காசோலையின் எண் அந்தச் சோதனையில் தேறிவிட்டது, ஏனெனில் அது உண்மையான ஒரு வங்கியின் எண். உண்மையான நிறுவனமொன்றின் கணக்கு எண்ணையும் திருடி அச்சிட்டுவிட்டால், அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று கேட்பவருக்கு வங்கியிலிருந்து ‘இருக்கிறது’ என்ற பதிலே கிடைக்கும். கேட்க வேண்டியது, இந்த வரிசை எண்ணில், இந்தத் தொகைக்கு, இந்தப் பெயருக்கு நீங்கள் காசோலை வழங்கினீர்களா என்பதைத்தான். அதையும் காசோலையில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணில் கேட்பதால் பயனில்லை, மறுமுனையில் எடுப்பவர் காசோலையை அச்சிட்டவராகவே இருக்கலாம். வைப்பு நிதிக் காப்பீட்டு நிறுவனமான எஃப்டிஐசி-யின் இணையதளத்தில் வங்கியின் பெயரைத் தேடி, அங்கிருந்து செல்லும் வழியில்தான் வங்கியை அணுக வேண்டும்.

இந்த ஏமாற்று வேலை தாளின் தரத்தை நம்பி நடப்பதில்லை, வங்கிச் சட்டத்தில் இருக்கும் ஓர் இடைவெளியை நம்பி நடக்கிறது. அமெரிக்க வங்கிகள் ஒரு காலத்தில் வாடிக்கையாளரின் காசோலைப் பணத்தை நீண்ட நாட்கள் நிறுத்திவைத்ததால், 1987-இல் நாடாளுமன்றம் அதற்குக் கெடு விதித்துச் சட்டம் இயற்றியது. அதைச் செயல்படுத்தும் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ‘ரெகுலேஷன் சிசி’ விதியின்படி, சாதாரணக் காசோலையில் முதல் 275 டாலரை அடுத்த வேலை நாளிலும், மீதியைப் பொதுவாக இரண்டாவது வேலை நாளிலும் வாடிக்கையாளர் எடுக்க வங்கி அனுமதித்தாக வேண்டும். 2025 ஜூலைக்கு முன் அந்த முதல் தொகை 225 டாலராக இருந்தது. கேஷியர்ஸ் செக்கைக் கணக்கு உரிமையாளர் கவுண்டரில் நேரில் செலுத்தினால் அடுத்த வேலை நாளிலேயே பணம் கிடைத்துவிடும். ஒரே நாளில் 6,725 டாலருக்கு மேல் காசோலைகள் செலுத்தப்பட்டால், அதற்கு மேற்பட்ட தொகையைக் கூடுதல் நாட்கள் நிறுத்திவைக்க வங்கிக்கு உரிமை உண்டு; 2,850 அந்த வரம்புக்கு வெகு கீழே நிற்பதைக் கவனியுங்கள்.

இந்த விதிகளில் எதுவும், காசோலை எந்த வங்கியின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டது என்று சொல்லவில்லை. கணக்கில் பணம் தெரிவது சட்டம் விதித்த கெடுவினால். காசோலை செல்லுமா என்பது தனியே, அதன் போக்கில் நடக்கும் வேறு காரியம். போலி என்பது ஓரிரு நாளிலும் தெரியவரலாம், சில வாரங்களும் ஆகலாம். தெரியவந்த அன்று வங்கி 2,850 டாலரையும் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும், அதற்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. இருப்பில் பணமில்லை என்றால் கணக்கு எதிர்மறைக்குப் போகும், திரும்பிய காசோலைக்கான கட்டணமும் சேரக்கூடும், வங்கி கணக்கையே மூடிவிடவும் கூடும். அப்படி மூடப்பட்ட கணக்கின் விவரம், வங்கிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில் ஐந்து ஆண்டுகள் வரை இருந்து, வேறு வங்கியில் கணக்குத் தொடங்குவதற்கும் தடையாகிறது. கிஃப்ட் கார்டு வாங்கச் செலவான 2,400 டாலர் மாணவரின் சொந்தப் பணம் என்பது அப்போதுதான் புரியும்.

நம் ஊரிலிருந்து வருபவர்கள் இதில் எளிதாகச் சிக்குவதற்குப் பேராசையைவிடப் பழக்கம் பெரிய காரணம் என்பது என் கருத்து. இந்திய வங்கிகளில் காசோலை கிளியரிங் முடிந்த பிறகே பெரும்பாலும் பணம் கைக்கு வருகிறது. ஆகவே பாஸ்புக்கில் வரவு ஏறி, பணத்தை எடுக்கவும் முடிகிறது என்றால் காசோலை செல்லுபடியாகிவிட்டது என்று எண்ணுவது அங்கே நியாயமான எண்ணம். அதே எண்ணத்துடன் அமெரிக்க வங்கியின் செயலியைத் திறந்து, இருப்பில் 2,850 டாலர் கூடியிருப்பதைப் பார்ப்பவருக்கு, அது வங்கி இடைக்காலமாகக் கொடுத்திருக்கும் தொகை என்று தோன்றுவதற்கு வழியே இல்லை.

இந்தச் சேவையின் ‘வாடிக்கையாளர் கவனிப்பு’ பற்றியும் சொல்ல வேண்டும். உறை வந்து சேர்ந்த அன்று காலையே ‘பெற்றுக்கொண்டீர்களா’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. மாலைக்குள் வைப்புச் சீட்டின் படம் கேட்டார்கள். மறுநாள் மாணவர் பதில் அனுப்பாதபோது, நிறுவனத்தின் பணத்தைத் தடுத்து வைத்திருப்பதாகவும் காவல்துறையை அணுக நேரிடும் என்றும் எழுதினார்கள். உண்மையான எந்த நிறுவனமும் தன் பகுதிநேர ஊழியரை இவ்வளவு அக்கறையோடு பின்தொடர்ந்து நான் கண்டதில்லை. அவசரத்துக்குக் காரணம் வெளிப்படை: காசோலை திரும்பி வருவதற்குள் கார்டு எண்கள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு 2019-இல் மட்டும் போலிக் காசோலை குறித்து 27,000-க்கும் அதிகமான புகார்கள் வந்தன; அவற்றில் சொல்லப்பட்ட இழப்பு 2.8 கோடி டாலரைத் தாண்டியது, இடைநிலை இழப்பு 1,988 டாலர். முப்பதும் அதற்கு மேலும் வயதானவர்களைக் காட்டிலும் இருபதுகளில் இருப்பவர்கள் இழப்பைத் தெரிவிப்பது இரு மடங்குக்கும் அதிகம் என்றும் அந்த ஆணையம் கூறியது. காசோலையே எழுதிப் பழகாத தலைமுறை இது என்பதை நினைத்தால் வியப்பில்லை. எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே வேலை செய்வது விசா விதிகளுக்கு முரண் என்பதால், ஏமாந்த பிறகும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஆலோசனை கேட்டுவிட்டுப் புகார் செய்யலாம். மௌனத்தால் லாபம் ஏமாற்றியவனுக்கே.

இதே சரக்கு வேறு உறைகளிலும் வருகிறது. காரின் மேல் விளம்பரம் ஒட்டிக்கொண்டு ஓட்டினால் வாரச் சம்பளம் என்பார்கள், விளம்பரத்தை ஒட்ட வருபவருக்குக் காசோலைப் பணத்திலிருந்து கொடுக்கச் சொல்வார்கள். பேராசிரியர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, உதவியாளர் வேலைக்கு ஆள் வேண்டும் என்பார்கள், அலுவலகப் பொருள் விற்பவருக்கு ஸெல் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் அனுப்பச் சொல்வார்கள். இணையத்தில் நீங்கள் விற்கும் பழைய மேசைக்கு விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பிவிட்டு, மீதியைத் திருப்பித் தரும்படி கேட்பவர்களும் உண்டு. பணம் அனுப்பும் வழிகள் மாறும், வந்த காசோலையில் ஒரு பகுதியை நீங்கள் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும் மாறாது. அந்த ஒரு வரி கடிதத்தில் இருந்தால் விளிம்பையும் மையையும் ஆராய்வதற்கே அவசியமில்லை.

மிஸ்டரி ஷாப்பர் என்பதே பொய்யான தொழில் என்று நான் சொல்லவில்லை. எம்எஸ்பிஏ என்ற தொழில் சங்கத்தில் உறுப்பினராக உள்ள நிறுவனங்கள் இதை முறையாக நடத்துகின்றன. அங்கே நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், கடைக்குச் சென்று வந்து அறிக்கை தர வேண்டும், ஊதியம் அதன் பிறகே வரும், அதுவும் பெரும்பாலும் சிறு தொகையாகவோ சாப்பிட்ட பில்லுக்கான ஈடாகவோ இருக்கும். ஒரு மணி நேரக் கடை உலாவுக்கு 450 டாலர் கொடுக்கும் நிறுவனம் அங்கே கிடையாது.

காசோலையைப் போட்டுவிட்டு இன்னும் பணம் அனுப்பாதவர்கள், உடனே வங்கிக்குச் சென்று நடந்ததைச் சொல்லி, அந்தத் தொகையில் ஒரு டாலரையும் தொடாமல் இருக்க வேண்டும். கார்டு எண்ணை அனுப்பிவிட்டவர்கள், கார்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, கார்டை வழங்கிய நிறுவனத்தை அப்போதே அழைக்க வேண்டும். எண் பயன்படுத்தப்படாமல் இருந்தால் முடக்கி வைக்கச் சில நேரம் வாய்ப்புண்டு. வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பியிருந்தால் வங்கியிடம் திரும்பப் பெறும் கோரிக்கை வைக்கலாம். புகாரை ஃபெடரல் டிரேட் கமிஷனின் தளத்தில் பதியலாம். காசோலை அஞ்சலில் வந்திருந்தால் அஞ்சல் துறையின் சொந்தப் புலனாய்வு அமைப்பான போஸ்டல் இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸுக்கும் எழுத வேண்டும். உறையையும் முத்திரையையும் கிழித்தெறியாமல் வைத்திருப்பது அவர்களுக்கு உதவும். எங்கள் மாணவர் காசோலையின் குறுக்கே ‘செல்லாது’ என்று எழுதி, உறையோடு படமெடுத்து, இரண்டு இடங்களிலும் புகார் பதிந்துவிட்டார். அந்த எண்ணிலிருந்து வந்த கடைசிக் குறுஞ்செய்தி, வேறொரு வேலை இருக்கிறது, விருப்பமா என்று கேட்டிருந்தது.