விம்முக்கு என்னென்ன ப்ளகின் வேண்டும்? 43-இலிருந்து 9-க்கு வந்த அனுபவம்

விம் என்பது கீபோர்டாலேயே ஓட்டுகிற ஒரு கோடு எடிட்டர், நியோவிம் அதிலிருந்து பிரிந்து வந்தது, ப்ளகின் என்பது அதில் நாம் சேர்க்கும் கூடுதல் வசதி. என் நியோவிம்மில் இன்றைக்கு 9 ப்ளகின்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் 43 இருந்தன. அலுவலகத்தில் புதிதாக விம் பழகுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, என்னென்ன ப்ளகின் போடணும்?" என்பதுதான். இரண்டு வாரம் எதுவுமே போடாதீர்கள் என்றுதான் எப்போதும் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

நான் விம்முக்கு வந்தது 2014-இல். தொலைவிலிருக்கும் சர்வருக்குள் எஸ்.எஸ்.எச். என்ற இணைப்பு வழியாகப் போய் கோடு திருத்த வேண்டிய வேலை, அங்கே வேறு எடிட்டர் கிடையாது. ஒரு நண்பரின் கான்ஃபிக் (எடிட்டர் அமைப்பு) ஃபைலை அப்படியே காப்பி எடுத்துப் போட்டுக்கொண்டேன். இடது பக்கம் ஃபைல் மரம், கீழே வண்ண வண்ணமாக ஒரு பட்டை, மேலே டேப் வரிசை, ஒவ்வொரு எழுத்துக்கும் துள்ளி வரும் ஆட்டோகம்ப்ளீட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேறொரு எடிட்டரைத்தான் விம்முக்குள் கட்டி வைத்திருந்தேன். ஒரு மேற்கோளுக்குள் இருப்பதை மாற்ற 'சி', 'ஐ', மேற்கோள்குறி என்று மூன்று கீ போதும் என்பதே எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

சில வருடம் கழித்து ஒரு ரிலீஸ் அன்று இரவுதான் இது எனக்கு உறைத்தது. காலையில் வழக்கம்போல எல்லா ப்ளகினையும் அப்டேட் செய்திருந்தேன். அதில் ஒன்று தன் கான்ஃபிக் எழுதும் முறையையே மாற்றியிருந்தது. அன்றைக்கு எந்த ஃபைலைத் திறந்தாலும் சிவப்பில் நாலைந்து வரி எரர், என்டர் தட்டினால் மறுபடி எரர். திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. '--கிளீன்' என்று சேர்த்துத் திறந்தால் நம் கான்ஃபிக்கும் ப்ளகின்களும் இல்லாமல் வெறும் எடிட்டர் வரும் என்பது நினைவுக்கு வந்து, அப்படித் திறந்தேன். எடிட்டர் சரியாக இருந்தது, என் கைதான் ஓடவில்லை. மரம் இல்லாமல் இன்னொரு ஃபைலுக்கு எப்படிப் போவது, பல ஃபைலில் ஒரு சொல்லை எப்படித் தேடுவது என்று எதுவும் தெரியவில்லை. அந்த வார இறுதியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் எடிட்டரோடு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் உள்ளேயே எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது. ஃபைல் மரத்துக்குப் பதில் நெட்ஆர்டபிள்யூ என்ற ஃபைல் பட்டியல் இருக்கிறது. எடிட்டரை மூடித் திறந்தாலும் அன்டூ வரலாற்றைக் காப்பாற்றும் 'அன்டூஃபைல்' 2010-இல் வந்த விம் 7.3-லிருந்தே இருக்கிறது. ப்ளகின்களை ஒரு ஃபோல்டரில் போட்டால் தானாக ஏற்றிக்கொள்ளும் வசதி 2016-இல் விம் 8-இலேயே வந்துவிட்டது. நியோவிம் பக்கம் இந்த வேகம் இன்னும் அதிகம். 2021-இல் வந்த 0.5-இல், கோடில் உள்ள பிழைகளைக் காட்டும் லாங்குவேஜ் சர்வரோடு பேசும் வசதி உள்ளேயே வந்தது. 0.9-இல், ஒரு ப்ராஜெக்டின் இன்டென்ட் போன்ற அமைப்புகளைப் படிக்கும் எடிட்டர்கான்ஃபிக், 2024-இல் 0.10-இல் 'ஜிசிசி' தட்டி வரியைக் கமென்ட் ஆக்கும் வசதி. 2025-இல் 0.11 வந்ததும் லாங்குவேஜ் சர்வரை ஓட்ட நாலைந்து வரி எழுதினாலே போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் மாற்றக் குறிப்புகளை முழுசாகப் படிப்பேன். படித்து முடித்ததும் ஒன்றிரண்டு ப்ளகின்களை அழிக்க முடிகிறது.

சரி, அப்படியானால் எதை வைத்துக்கொண்டேன்? விம்மின் கமாண்டுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. வினை ஒன்று, அது எதன் மேல் நடக்க வேண்டும் என்பது ஒன்று. 'டி' என்றால் அழி, 'டபிள்யூ' என்றால் சொல், இரண்டும் சேர்ந்தால் சொல்லை அழி. இந்த இலக்கணத்துக்குள் புதுச் சொல் சேர்க்கிற ப்ளகினைத்தான் வைத்துக்கொள்கிறேன். புது மொழியையே கொண்டுவரும் ப்ளகின் வேண்டாம்.

பல விம் ப்ளகின்களை எழுதிய டிம் போப்பின் சரவுண்ட் இதற்கு நல்ல உதாரணம். இரட்டை மேற்கோளில் இருக்கும் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) ஒற்றை மேற்கோளாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்சர் அந்தச் சரத்துக்குள் எங்கே இருந்தாலும் சரி, 'சி', 'எஸ்', இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள் என்று நாலு தட்டு, அவ்வளவுதான். மேற்கோளே வேண்டாம் என்றால் 'டி', 'எஸ்', மேற்கோள். 'சி' என்றால் மாற்று, 'டி' என்றால் அழி என்பது ஏற்கெனவே கைக்குத் தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது 'எஸ்' ஒன்றுதான். அவரே எழுதிய ரிப்பீட்டையும் சேர்த்துப் போட்டால், அடுத்த சரத்துக்குப் போய்ப் புள்ளியைத் தட்டினாலே அதே வேலை மறுபடி நடக்கும். பத்து வருடத்தில் இந்த இரண்டுக்கும் நான் கான்ஃபிக்கில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டுக்கு டிம் போப்பின் ஃபுஜிட்டிவ். மாறிய ஃபைல்களின் பட்டியலில் நின்று '=' தட்டினால் அந்த ஃபைலில் என்ன மாறியது என்று அங்கேயே விரிகிறது. அதில் வேண்டிய வரிகளை மட்டும் தேர்ந்து 'எஸ்' தட்டினால் அவை மட்டும் ஸ்டேஜ் ஆகின்றன (அடுத்த பதிவுக்குத் தயாராகின்றன), பிறகு 'சிசி' தட்டி கமிட் (பதிவு). டீபக்குக்காகப் போட்ட பிரின்ட் வரிகள் கமிட்டுக்குள் போவது இதைப் பழகிய பிறகு என்னிடம் நின்றேவிட்டது.

தேடலுக்கு ஜுனேகுன் சோய் எழுதிய எஃப்இஸட்எஃப். அதைவிட வேகமான தேடல் ப்ளகின் இருக்கலாம், அழகானதும் இருக்கலாம். நான் இதை விடாததற்குக் காரணம் வேறு. போன மாதம் ஒரு ஃபங்ஷன் பெயரை முப்பது ஃபைலுக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தது. ரிப்கிரெப் என்ற தேடல் கருவி வழியாகத் தேடி, வந்த எல்லாவற்றையும் ஆல்ட்-ஏ தட்டித் தேர்ந்து, என்டர். அத்தனை இடமும் விம்மின் சொந்த குவிக்ஃபிக்ஸ் பட்டியலுக்குள் போய்விட்டது. பட்டியலின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கமாண்டை ஓட்டும் 'சிடூ' என்ற கமாண்டோடு வழக்கமான மாற்று கமாண்டைக் கொடுத்தேன். கண்டுபிடித்ததை எடிட்டரின் கையிலேயே ஒப்படைக்கிற ப்ளகின் இது. தன் சொந்த ஜன்னலுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிற ப்ளகின்களில் இந்த மாதிரி ஒன்றை இன்னொன்றோடு கோர்க்க முடியாது.

எடுத்துப் போட்டவை: கீழ்ப்பட்டை, டேப் வரிசை, அடைப்புக்குறியைத் தானாக மூடுவது, ஸ்னிப்பெட் (தயார் கோடுத் துண்டுகள்), ஃபைல் மரம். மரம் இல்லாமல் முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, அப்புறம் தேடவில்லை. திறக்கும் நேரமும் குறைந்தது. என் பழைய லேப்டாப்பில் அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த எடிட்டர் இப்போது தட்டியதும் வந்து நிற்கிறது. உங்களுடையதைத் தெரிந்துகொள்ள '--ஸ்டார்ட்அப்டைம்' என்று சேர்த்து ஒரு ஃபைல் பெயரும் கொடுத்துத் திறந்து பாருங்கள், எந்த ஃபைல் எவ்வளவு நேரம் தின்கிறது என்று அந்த ஃபைலில் வரிவரியாக எழுதித் தரும்.

புதிதாக ஒன்றைப் போடுமுன் அதன் ஹெல்ப் ஃபைலைத் திறந்து படிப்பேன். ஹெல்ப் ஒழுங்காக இல்லாததைத் தொடுவதில்லை. என்னைக் கேட்காமல் எத்தனை கீயைப் பிடித்துக்கொள்கிறது, அது ஓட இன்னும் எத்தனை ப்ளகின் வேண்டும் என்றும் பார்ப்பேன். கடைசி கமிட் எப்போது என்பதற்குப் பலர் கொடுக்கும் மதிப்பை நான் கொடுப்பதில்லை. சரவுண்டில் மாற்றம் வருவது அபூர்வம், ஏனென்றால் அதன் வேலை முடிந்துவிட்டது. வாராவாரம் மாறுகிற ப்ளகின்தான் எனக்குப் பயம். அந்த ரிலீஸ் இரவுக்குப் பிறகு அப்டேட் மாதம் ஒரு முறை, அதுவும் சனிக்கிழமை காலையில் மட்டும். லேசி என்ற ப்ளகின் மேனேஜர், எந்த ப்ளகின் எந்த கமிட்டில் இருக்கிறது என்பதை ஒரு லாக் ஃபைலில் எழுதி வைக்கிறது. அந்த ஃபைலை கிட்டில் வைத்திருக்கிறேன். ஏதாவது உடைந்தால் பழைய லாக் ஃபைலை எடுத்து 'ரிஸ்டோர்' கொடுத்தால் முன்பிருந்த நிலைக்கு வந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைல்கள் என் பொறுப்பு. சிஸ்டத்தின் தமிழ் விசைப்பலகையை ஆன் செய்து எழுதிவிட்டு எஸ்கேப் தட்டினால், கர்சரைக் கீழே நகர்த்த அடுத்துத் தட்டும் 'ஜே' தமிழ் எழுத்தாகப் போகும், கர்சர் நகராது. இதற்காகவே ப்ளகின்களைத் தேடி அலைந்தேன். விடை விம்முக்குள்ளேயே இருந்தது, பெயர் கீமேப். எந்தக் கீக்கு எந்த எழுத்து என்று வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி, 'கீமேப்' என்ற ஃபோல்டரில் போட்டு, செட் செய்தால் போதும். எழுத்து தட்டும் இன்சர்ட் மோடில் தமிழ் வரும், எஸ்கேப் தட்டியதும் கமாண்டுகள் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். நடுவில் ஆங்கிலம் வேண்டுமானால் கன்ட்ரோல்-^ தட்டினால் மாறும். அதோடு 'டெல்கம்பைன்' என்பதையும் செட் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'கி'-யின் மேல் 'எக்ஸ்' தட்டும்போது முழு எழுத்தும் போய்விடும். செட் செய்தால் 'ி' குறி மட்டும் போய், 'க' நிற்கும்.

என் கீமேப் ஃபைலை ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து எழுதினேன். தமிழ்99 என்ற விசைப்பலகை வரிசை. மூன்று வருடமாக அதை மாற்றவில்லை.